கழுத்துப் பிடிப்பும் இயன் மருத்துவமும்

(வாலிபர் சங்க ஆண்டு விழாவிலே நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையிலே திருமுறையைப் பற்றியும் சித்தாந்தத்தைப் பற்றியும் பேசத் தகுதி வாய்ந்தவர்கள் இச்சபையிலே பலர் வீற்றிருக்கின்றார்கள். அவர்கள் நடுவே கழுத்து நோவைப் பற்றிப் பேசுவதற்கு ஒருவனை அழைத்தது ஏன் என்று சிலர் வியக்கக்கூடும். காரணம் உண்டு. சென்ற மகோற்சவத்திலே, தேர்த் திருவிழா அன்று விடியற்காலையில், வடம் பிடிக்கலாம் என்று நான் கோயில் வீதியிலே நின்றுகொண்டிருந்தேன். நமது செயலாளர் ஓடி வந்தார். முதல்நாட் சப்பறத்துக்குச் சுவாமி காவிய வாலிபர் ஒருவர் நித்திரை விட்டெழும்பத் தலையைத் திருப்ப முடியாமல் மடத்துத் திண்ணையிலே குந்தியிருக்கிறார், அவரைச் சுற்றிப் பத்துப்பேர் நின்று பத்து வைத்தியம் சொல்கிறார்கள், சலூனுக்குக் கூட்டிப்போய் ஒரு முறி முறித்தால் சரிவரும் என்று ஒருவர் மோட்டார் சைக்கிளையும் எடுத்து வந்துவிட்டார் என்றார். நான் போய்ப் பார்த்தேன். மோட்டார் சைக்கிளைத் திருப்பி அனுப்பினேன். அன்று அந்தத் திண்ணையிலே அவசரமாகச் சொன்னவற்றை இன்று ஆறுதலாகச் சொல்லும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். அந்த வாலிபரின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. அவர் மூன்றாம் வரிசையிலே இருந்து, கழுத்தை நன்றாகத் திருப்பிப் பக்கத்திலிருப்பவரோடு சிரித்துக்கொண்டிருக்கிறார். அவ்வளவே சொல்லலாம்.

இந்நோய் வரும் விதம் உங்களிற் பலருக்குத் தெரியும். இரவு படுக்கும்போது ஒரு குறையும் இல்லை. விடிய எழும்பத் தலையை உயர்த்துகிறோம்; பிடரியிலே கம்பி போட்டு இறுக்கியதுபோல ஒரு நோ. தலை ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. நேரே நிமிர்த்த முடியாது. யாராவது கூப்பிட்டால் உடம்பு முழுவதையும் திருப்பியே பார்க்க வேண்டும். தும்மினாலும் இருமினாலும் உயிர் போய் வருகிறது. சிலருக்கு நோ கழுத்திலே நிற்பதைவிடத் தோட்பட்டைக்கும் முள்ளந்தண்டுக்கும் இடையிலே, கை எட்டாத அந்த இடத்திலே, ஆணி அறைந்ததுபோல நிற்கும். நம்மவர்கள் இதனை வாயுப் பிடிப்பு என்பர், சுளுக்கு என்பர், தலையணையின் குற்றம் என்பர். தலையணையை வெயிலிலே போட்டால் கழுத்து நேரே வரும் என்று சொன்ன ஒரு கிழவியையும் நான் அறிவேன். அதனாலே தலையணைக்காவது நன்மை உண்டு.

உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சற்றுப் பார்ப்போம். கழுத்திலே முள்ளென்புகள் ஏழு. ஒட்டகச்சிவிங்கிக்கும் ஏழேதான். மண்டையோட்டுக்கும் முதலாம் என்புக்கும் இடையே தட்டு இல்லை. முதலாம் என்புக்கும் இரண்டாம் என்புக்கும் இடையேயும் இல்லை. தலையை இடமும் வலமும் திருப்புகின்றோமே, அத் திருப்பத்தில் ஏறக்குறையப் பாதி அந்த முதலிரண்டு என்புகளுக்கு நடுவிலேயே நிகழ்கின்றது. அதற்குக் கீழே, இரண்டாம் என்பு தொடங்கி மார்புப் பகுதியின் முதலென்பு வரையில், ஒவ்வோர் இடைவெளிக்கும் ஒன்றாகத் தட்டுகள் ஆறு. ஆஸ்பத்திரியிலே டிஸ்க் என்று சொல்வது இதனையே. நுங்கைப்போல வழுவழுப்பான நடுப்பகுதி; அதைச் சுற்றித் தும்புக்கயிற்றை வரிந்ததுபோல அடுக்கடுக்கான நார் வளையம். இளமையிலே அந்த நடுப்பகுதியிற் பத்திலே எட்டுப் பங்கு நீர். வயது ஏற ஏற நீர் வற்றும். முற்றிய நுங்கு கல்லாவதை நாம் பார்த்ததில்லையா? அப்படித்தான்.

வளர்ந்தவர்களுடைய தட்டுக்கு, அதன் ஓரத்தைத் தவிர, இரத்தக் குழாய் கிடையாது. அதற்கு வேண்டிய சத்தெல்லாம் பக்கத்து என்பிலிருந்து ஊறியே வரவேண்டும். பகலிலே தலையின் பாரத்தால் நீர் சிறிது வெளியேறும். இரவு படுத்திருக்கும்போது திரும்ப ஊறும். காலையிலே நாம் மாலையிலும் பார்க்க ஒரு சென்ரிமீற்றர் அளவு உயரமாக இருப்பதற்கு முள்ளந்தண்டிலுள்ள தட்டுகள் எல்லாம் இப்படி ஊறிப் பெருத்திருப்பதே காரணம். ஆகவே நேற்று அளவுக்கு மிஞ்சி உழைத்த தட்டு, இரவு ஊறிப் புடைத்து, விடியற்காலையிலே நோவைக் கிளப்புவது புதினமன்று.

நோவை உணரும் நரம்பு நுனிகள் நார் வளையத்தின் வெளிப்புறத்திலேதான் உண்டு. அவ்விடத்திலே நார் சிறிது கிழிந்தாலோ, உள்ளிருக்கும் பகுதி அழுத்தினாலோ, அந்நுனிகள் எரிச்சல் அடைகின்றன. உடனே சுற்றியுள்ள தசைகள் இறுகித் தலையை நோக் குறைந்த ஒரு நிலையிலே பூட்டிவிடுகின்றன. நாம் தொட்டுப் பார்த்து, "இதோ கல்லுப்போல இறுகியிருக்கிறது, இதுவே நோய்" என்று தசையைக் குற்றவாளியாக்குகின்றோம். உண்மையிலே தசை காவற்காரன். கள்ளன் வந்தான் என்று குரைக்கும் நாயை அடித்துக் கலைப்பதுபோலவே, இறுகிய கழுத்தை முரட்டுத்தனமாக உருவுவதும் முறிப்பதும்.

தோட்பட்டையிலே நோகிறது, ஆகையால் நோய் தோட்பட்டையில் என்று எண்ணுவதும் பிழை. ஹொனலூலு நகரத்து நரம்புச் சத்திர வைத்தியர் ரால்ஃப் குளோவார்ட் என்பவர், 1959ஆம் ஆண்டிலே, நோயாளர் விழித்திருக்கும்போதே கழுத்தின் கீழ்ப்பகுதித் தட்டுகளிலே ஊசியால் மருந்து செலுத்திப் பார்த்து, நோவைத் தோட்பட்டைக்கு அருகிலே அவர்கள் உணர்ந்தார்கள் என்று எழுதினார். அன்று மடத்துத் திண்ணையிலே தோட்பட்டைக்கு நல்லெண்ணெய் பூசி உரோஞ்சிக்கொண்டிருந்தவர் இவ்விடயத்தை அறிந்திருக்க நியாயமில்லை. அவருடைய அன்பை நான் குறை சொல்லவில்லை.

"தட்டு விலகிவிட்டது" என்று ஒரு சொல் ஊரிலே பெருவழக்காகிவிட்டது. அச்சொல்லே பாதி நோயை உண்டாக்குகிறது. தட்டு, அலுமாரியிலிருந்து தட்டம் வழுக்குவதுபோல வழுக்கி விழுவதில்லை. மேலும் கீழும் என்போடு இறுகப் பிணைந்திருக்கிறது. நடுப்பகுதி வளையத்தைப் புடைக்கச் செய்யலாம், சில வேளை கிழித்துக்கொண்டு வெளிவரலாம். அதுவும் பெரும்பாலும் காலப்போக்கிலே சுருங்கும். 2015ஆம் ஆண்டிலே யப்பான் தேசத்து வைத்தியர்கள், கழுத்திலே ஒரு நோவும் இல்லாத 1,211 பேரை எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்த்த முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் நூற்றுக்கு 87 பேருக்கு மேற்பட்டோருக்குத் தட்டுப் புடைத்திருந்தது. இருபது வயதுக்காரருக்குக்கூட! ஆதலாலே, படத்தைக் கையிலே வைத்துக்கொண்டு மனம் உடைவதற்கு முன், அந்தப் படத்திலுள்ள புடைப்பு இந்த நோவுக்குக் காரணந்தானா என்று வைத்தியரைக் கேளுங்கள்.

திடீர்ப் பிடிப்பு எல்லாம் தட்டினால் வருவதும் அன்று. கழுத்தின் பின்புறத்திலுள்ள சிறு மூட்டுகள் பிடித்துக்கொள்வதும் உண்டு. யாரோ கூப்பிட்டாரென்று சடுதியாகத் திரும்பினேன், அந்தக் கணமே பிடித்தது என்பவருக்குப் பெரும்பாலும் மூட்டு. அது இளவயதினரிடத்து அதிகம். சில நாளிலே விட்டுவிடும். முதல்நாள் நெடுநேரம் குனிந்து வேலை செய்தேன், பாரம் தூக்கினேன், விடிய எழும்பினால் இப்படி என்பவருக்குத் தட்டைச் சந்தேகிக்கலாம். அதிலே நோ கீழ்க்கழுத்திலும் தோட்பட்டையருகிலும் நிற்கும். விடுவதற்கு ஒரு கிழமை, இரண்டு கிழமை, சில வேளை அதற்கு மேலும் செல்லும். இரண்டையும் கோடு கீறிப் பிரிக்க எப்பொழுதும் இயலாது. முதல் மூன்று நாளுக்குரிய பரிகாரம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றேயாதலால், வீட்டிலே இருப்பவர்கள் அதைப் பற்றிக் கலங்க வேண்டியதில்லை.

அந்த மூன்று நாளிலே என்ன செய்யலாம்? முதலாவது, பயத்தை விடுங்கள். இரண்டாவது, சாய்ந்து நிற்கும் தலையைப் பலவந்தமாக நேராக்க வேண்டாம். மல்லாந்து படுத்து, தலை எப்பக்கம் சாய்ந்திருக்கிறதோ அப்படியே தலையணையாலும் சுருட்டிய துவாயாலும் தாங்குங்கள். தாங்கப்பட்ட தலையைக் காவ வேண்டிய வேலை தசைக்கு இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கம் விடும். தவிட்டு ஒத்தணமோ, துவாயாற் சுற்றிய சுடுநீர்ப் போத்தலோ, பதினைந்து இருபது நிமிடம் வைக்கலாம். நம் ஆச்சிமாரின் ஒத்தணத்திலே நான் ஒரு குறையும் காணேன். ஆனால் நீரிழிவினாலே தோல் மரத்துப்போனவர்களுக்குச் சூடு தெரியாது, வெந்து புண்ணாகிவிடும். அவர்களுக்கு இன்னொருவர் தம் முழங்கையை வைத்துச் சூடு பார்த்துக் கொடுக்க வேண்டும். நோ மாத்திரை வைத்தியரைக் கேட்டு எடுப்பதே நன்று; குடற்புண், சிறுநீரக நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்களும் இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்பவர்களும் கடையிலே கேட்டு வாங்கி விழுங்கலாகாது.

மூன்றாவது, இதுவே முதன்மையானது: அசைக்க வேண்டும். படுத்தபடியே, தலையின் பாரம் முழுவதையும் தலையணையிலே விட்டு, ஓரங்குலம் வலப்பக்கம், ஓரங்குலம் இடப்பக்கம் உருட்டுங்கள். நோ தொடங்கும் எல்லை வரையிலே போய்த் திரும்புங்கள். அதைக் கடக்க வேண்டாம். பத்துமுறை. விழித்திருக்கும்போது மணிக்கொருமுறை. முதல் நாள் ஓரங்குலம் போனது மறுநாள் இரண்டங்குலம் போகும். இடையிடையே எழும்பி முற்றத்திலே நடவுங்கள். இரவிலே குப்புறப் படுக்க வேண்டாம். குப்புறப் படுப்பவன் மூச்சு விடுவதற்காகத் தன் கழுத்தை இரவு முழுவதும் முறுக்கி வைத்திருக்கிறான். பக்கமாகப் படுப்பவருக்குத் தலையணையின் உயரம் காதுக்கும் தோள்மூட்டின் வெளி விளிம்புக்கும் உள்ள இடைவெளியளவு இருந்தால் போதும்.

நோச் சற்றுத் தணிந்தபின் செய்யவேண்டிய அப்பியாசம் ஒன்று உண்டு. அதற்கு ஒரு சிறு வரலாறும் உண்டு. நியூசிலாந்திலே, வெலிங்டன் நகரத்திலே, ராபின் மக்கென்சி என்றோர் இயன் மருத்துவர் இருந்தார். 1956ஆம் ஆண்டிலே நாரி நோவும் கால் நோவும் உள்ள ஒருவரை, உள்ளே போய்க் கட்டிலிலே குப்புறப் படும் என்று சொல்லிவிட்டு, வேறொருவரைக் கவனிக்கப் போனார். கட்டிலின் தலைமாடு முன்பு படுத்தவருக்காக உயர்த்தியபடியே கிடந்தது. நோயாளர் அதிலே வில்லைப்போல வளைந்து கிடந்தார். மக்கென்சி திரும்பி வந்து பார்த்துத் திடுக்கிட்டார். நோயாளரோ, கிழமைக்கணக்காக இப்படிச் சுகமாக இருந்ததில்லை, காலிலே நோ இல்லை என்றார்! அக்காலத்துப் பாடப்படி அந்த நிலை ஆபத்தானது. மக்கென்சி பாடத்தை விட்டு நோயாளரைப் பார்க்கத் தொடங்கினார். உடம்பை எத் திசையிலே அசைத்தால் நோ கை காலிலிருந்து நடுவை நோக்கித் திரும்பி வருகிறதோ அத் திசையே நல்ல திசை என்பது அவருடைய முறையின் உயிர்நாடி. கழுத்துக்கென்று தனிநூலை 1983இலே வெளியிட்டார், 2013இலே காலமானார்.

அவர் கழுத்துக்குச் சொன்ன முதல் அசைவு இது. நிமிர்ந்து உட்காருங்கள். பார்வை நேரே. நாடியை மேலே தூக்காமலும் கீழே குனியாமலும், தலை முழுவதையும் நேரே பின்னுக்கு இழுத்துக்கொள்ளுங்கள். மூக்குக்கு நேரே யாரோ அழுகிய மீனை நீட்டினால் எப்படிப் பின்வாங்குவோமோ அப்படி. இரண்டு விநாடி வைத்து விடுங்கள். பத்துமுறை செய்து, நோவைக் கவனியுங்கள். தோட்பட்டையிலே நின்ற நோ கழுத்தை நோக்கி ஏறி வந்தால், கழுத்திலே சற்றுக் கூடினாலும் பாதகமில்லை, தொடரலாம். தோள் தாண்டிக் கைக்கு இறங்கினால், விரல் விறைத்தால், உடனே நிறுத்தி ஒரு மருத்துவரிடம் போக வேண்டும். இந்த ஒரு விதியை மாத்திரம் வீட்டுக்குக் கொண்டுபோனாலும் நான் வந்த காரியம் நிறைவேறிற்று.

இனி, இயன் மருத்துவரிடம் போனால் அவர் என்ன செய்வார்? ஊரிலே பிசியோ என்றால் கரண்ட் பிடிப்பவர் என்றொரு எண்ணம் இருக்கிறது. "ஐயா, அப்பியாசம் கிடக்கட்டும், அந்த மெசினைக் கொஞ்சம் போட்டு விடுங்கோ" என்று என்னைக் கெஞ்சியவர்கள் அநேகர். மெசின் நோவைச் சிறிது நேரம் மறக்கச் செய்யும். அது தேநீருக்குச் சீனி, தேயிலை அன்று. நல்ல மருத்துவர் முதலிலே கேட்பார், பின்பு பார்ப்பார், கையின் பலத்தையும் தொடுகை உணர்ச்சியையும், சுத்தியலாலே தட்டி நரம்பின் துடிப்பையும் சோதிப்பார். அதன்பின் நோயாளரைப் படுக்கவைத்துத் தலையை இரு கையாலும் ஏந்தி மெதுவாக இழுத்துப் பிடிப்பார். முள்ளென்புகளை ஒவ்வொன்றாக, நோவின் எல்லைக்குள்ளே, தாளம் தவறாமல் அசைப்பார். அவுஸ்திரேலியாவிலே அடிலெய்ட் நகரத்து ஜெஃப்ரி மெய்ற்லண்ட் 1964இலே வெளியிட்ட தம் நூலிலே இந்த மெல்லிய அசைவுகளைப் படிகளாக வகுத்து எழுதினார். நோக் கூடிய வேளையிலே முதற்படி, அதாவது கண்ணுக்குத் தெரியாத அளவு அசைவே போதும். அருகிலே நிற்பவர், "இவர் ஒன்றும் செய்யவில்லையே" என்றுதான் நினைப்பார்.

நோப் போனபின்பு பெரும்பாலோர் திரும்பி வருவதில்லை. அதுவே அடுத்த வருடமும் வருவதற்கு ஒரு காரணம். கழுத்தின் முன்புறத்து ஆழமான தசைகளும் தோட்பட்டையைப் பிடித்திருக்கும் தசைகளும் பலப்பட ஆறு கிழமையளவு அப்பியாசம் வேண்டும். அதிலே சுவையான கதை ஒன்றும் இல்லை. செய்ய வேண்டும், அவ்வளவே.

இப்பொழுது என் பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதிலே, சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு பையனை இதே நோவோடு தகப்பனார் கூட்டி வந்தார். அசைத்தால் நோகிறது என்று அழுதான். தகப்பனார் கழுத்துப் பட்டி ஒன்று கேட்டார். கேட்டதைக் கொடுத்தால் இருவரும் திருப்திப்படுவார்கள் என்று எண்ணிக் கொடுத்தேன். மூன்று கிழமை கழற்றாதே என்றும் சொன்னேன். மூன்று கிழமையால் வந்தான். முதல் நோப் போய்விட்டது. ஆனால் கழுத்து மரமாகிவிட்டது. அதிலும் பெரிய காரியம், பட்டியைக் கழற்றினால் தலை விழுந்துவிடும் என்று அவன் நம்பத் தொடங்கிவிட்டான். சைக்கிள் ஓடுவதை விட்டான்; பந்து விளையாடுவதை விட்டான். அந்தப் பயத்தைக் கழற்ற எனக்கு ஏழு மாதம் சென்றது. நோவினாலே அவன் இழந்தது பத்து நாள். என்னாலே இழந்தது ஏழு மாதம்.

வாகன விபத்திலே கழுத்து உலுக்கப்பட்டவர்களைக் குறித்து டப்ளின் நகரத்து வைத்தியர்கள் 1986இலேயே எழுதியிருந்தார்கள். பட்டி போட்டு ஓய்வாக வைத்தவர்களிலும் பார்க்க, தொடக்கத்திலேயே அசைக்கப் பழக்கியவர்களுக்கு எட்டுக் கிழமையிலே நோவும் குறைவு, அசைவும் அதிகம். அந்த நோய் வேறு, நமது நோய் வேறு என்பது உண்மையே. எனினும் அதை வாசித்திருந்தால் என் கை சற்றுத் தயங்கியிருக்கும். பட்டி முற்றாகக் கூடாதென்றும் நான் சொல்லமாட்டேன். நரம்பு அழுந்திக் கைக்கு நோ இறங்கிய புதிய நோயாளருக்கு, சில கிழமை பட்டியும் ஓய்வும் சும்மா இருப்பதிலும் பார்க்க உதவிற்று என்று 2009இலே ஒல்லாந்து தேசத்து ஆராய்ச்சி ஒன்று காட்டியது. இயன் மருத்துவமும் அதேயளவு உதவிற்று. ஆகையால் பட்டியை வைத்தியர், காரணமும் நாட்கணக்கும் சொல்லித் தந்தால் அணியுங்கள். பக்கத்து வீட்டிலே இரவல் வாங்கி அணிய வேண்டாம்.

கழுத்து முறித்தலுக்கு வருகிறேன். தலைமயிர் வெட்டியபின் தலையை இரு கையாலும் பிடித்துப் படக்கென்று இருபக்கமும் திருப்பிச் சத்தம் எழுப்புவது ஒரு சுகம் என்று பலர் எண்ணுகின்றனர். கழுத்தென்புகளின் இருபக்கத்துத் துவாரங்களுக்கு ஊடாக, ஆறாம் என்பிலிருந்து முதலாம் என்பு வரையிலே, மூளையின் பின்பகுதிக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் இரண்டு ஏறுகின்றன. முதலாம் என்பைத் தாண்டுமிடத்திலே அவை வளைந்து செல்கின்றன. சடுதியான முறுக்கலிலே அக்குழாயின் உட்சுவர் கிழியக்கூடும். கிழிந்த இடத்திலே இரத்தம் கட்டியாகி மூளைக்கு ஓடி, இளவயதிலேயே பாரிசவாதத்தை உண்டாக்கக்கூடும். இது அடிக்கடி நடப்பதன்று, மிக அரிது. ஆனால் பத்து நாளிலே தானாகவே மாறக்கூடிய ஒரு நோவுக்காக அந்த அரிய ஆபத்தை விலைக்கு வாங்குவானேன்? மேலும், அக்குழாய் தானாகவே கிழியும்போதும் முதல் அறிகுறி சடுதியான கழுத்து நோவாகவே இருக்கலாம். அப்படிப்பட்ட கழுத்தை முறிப்பவரின் கையிலே கொடுப்பது எவ்வளவு கொடுமை! அன்று மோட்டார் சைக்கிளைத் திருப்பி அனுப்பியதற்காக என்மீது கோபித்துக்கொண்ட அன்பர் இதைக் கேட்டுக்கொண்டிருப்பார் என நம்புகிறேன்.

எந்தக் கழுத்து நோவை வீட்டிலே வைத்துப் பார்க்கலாகாது? காய்ச்சலும் கடுந்தலையிடியும் வெளிச்சத்தைப் பார்க்க முடியாமையும் சேர்ந்து, நாடியை மார்பிலே முட்ட முடியாமல் கழுத்து விறைத்தால், அது மூளையுறைக் காய்ச்சலாயிருக்கலாம், அந்நேரமே ஆஸ்பத்திரி. இதுவரை அறியாத விதமான சடுதி நோவோடு தலைச்சுற்று, இரட்டைப் பார்வை, பேச்சுக் குளறல், முகம் இழுத்தல், நடை தள்ளாடல் எது வந்தாலும் அந்நேரமே. விழுந்தோ விபத்திலோ வந்த நோவுக்கு, படம் எடுத்துப் பாராமல் கழுத்திலே ஒருவரும் கைவைக்கலாகாது. பெரியவர்களுக்கு இரண்டு சொல்: கழுத்தும் இடக் கையும் நோகும்போது மார்பு இறுகி வியர்த்தால் அது கழுத்து நோயன்று, இருதயம். மற்றது, நோ அதிகம் இல்லாமலே சட்டைப் பொத்தான் பூட்ட விரல் தடுமாறுவதும், கால் பஞ்சிலே மிதிப்பதுபோல இருப்பதும், சலம் அடக்க முடியாமற்போவதும் முண்ணாண் அழுந்துவதற்கு அடையாளம். வயதுக் கோளாறு என்று ஐயாமார் பேசாமல் இருந்துவிடுவது அதிகம். மருமக்கள்தான் கவனித்துக் கூட்டி வர வேண்டும். கை நாளுக்கு நாள் பலம் இழப்பதும், புற்றுநோய் கண்டவர்களுக்குப் புதிதாகக் கழுத்து நோ வருவதும் தாமதிக்கத் தக்கவை அல்ல.

வாலிபர்களே, உங்கள் கழுத்துக்கு நீங்கள் செய்பவற்றையும் இரண்டொன்று சொல்லி முடிக்கிறேன். சுவாமி காவுவது பெரும்பேறு; அதை விடச் சொல்ல நான் யார்? ஆனால் ஒரே தோளிலே தண்டை வைத்து, தலையை மறுபக்கம் ஒடித்து, மூன்று வீதி சுற்றுவதைப் பார்க்கும்போது எனக்குக் கும்பிடக் கை எழுவதில்லை. உயரம் ஒத்தவர்களை எதிரெதிரே விடுங்கள். தோளிலே தடித்த சும்மாடு வையுங்கள். ஒவ்வொரு வீதி மூலையிலும் தோள் மாற்றுங்கள். இதற்கு ஆள் வேண்டும். கொம்பிலே ஆட்குறைவு என்றால் அது வாலிபரின் குற்றமன்று. கைபேசியிலே படம்பிடித்துக்கொண்டு பின்னாலே வருகின்ற நாம் அனைவரும் பங்காளிகள். யோகாசன வகுப்பிலே சிரசாசனமும் அலாசனமும் முதல் மாதத்திலேயே பழக்குகிறார்கள். ஒன்றிலே உடலின் பாரம் தலைவழியே கழுத்தில் இறங்குகிறது; மற்றதிலே கழுத்து ஒடியும் அளவுக்கு வளைகிறது. கழுத்து நோ உள்ளவரும், நாற்பது தாண்டிய பின் புதிதாகத் தொடங்குபவரும், இந்த இரண்டையும் விட்டு மற்றவற்றைச் செய்தால் யோகத்துக்கு ஒரு குறைவும் வராது.

கைபேசியைப் பற்றி நான் ஒருவன் சொல்லித்தானா கேட்கப்போகிறீர்கள்? நிமிர்ந்த தலையின் பாரம் ஏறக்குறைய 5 கிலோ. அறுபது பாகை குனிந்தால் கழுத்துக்கு அது 27 கிலோவாகிறது என்று நியூயோர்க் நகரத்துச் சத்திர வைத்தியர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014இலே கணக்கிட்டார். அது கடதாசியிலே போட்ட கணக்கு, மனிதரிலே அளந்ததன்று. ஆயினும் குனியக் குனியப் பாரம் ஏறும் என்பதிலே பிழையில்லை. கொழும்புக்குப் போகும் இரவு பஸ்ஸிலே தலை தொங்க நித்திரை கொள்வதும் இதே இனந்தான். ஒரு துவாயைச் சுருட்டிக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். மலைநாட்டிலே கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையிலே மாட்டி நாள் முழுவதும் மலையேறி இறங்கும் தாய்மாருக்கு, தோள் மாற்றுவதற்கும் வழியில்லை. அவர்களுடைய கழுத்தைப் பற்றி மேடைகளிலே பேச்சு அரிது. அதற்கு வேறொரு நாள் நேரம் தரும்படி தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

நேரம் போய்விட்டது, மணி அடிக்கிறார்கள். அப்பியாசத்தைச் சொல்லாலே கற்பிக்க இயலாது. ஆகையால் மூன்றாம் வரிசையிலுள்ள தம்பி இப்பொழுது மேடைக்கு வருவார். வாரும், வெட்கப்படாதேயும். செயலாளர் ஒரு கதிரை தருவார். தலையைப் பின்னுக்கு இழுப்பது எப்படி என்று அவர் செய்து காட்டுவார். நான் நாடியைப் பிடித்துத் திருத்துவேன். சபையிலுள்ளவர்களும் இருந்த இருப்பிலேயே, முதுகை நிமிர்த்தி, எங்களோடு சேர்ந்து பத்துமுறை செய்யுங்கள். நோகின்றவர்கள் நோகின்ற இடத்திலே நிறுத்திக்கொள்ளுங்கள்.